உட்பிரிவு ஆ

சட்டமுன்வடிவு வந்தது ஒரு கார்த்திகை வெள்ளி,
மாலை நாலே முக்காலுக்கு.
மேலே சிவப்பில் ‘மிக அவசரம்’.
கீழே ‘திங்களுக்குள் கருத்துரை அனுப்புக’.
நீடாமங்கலத்தில் அன்று விடாத மழை.
கோட்ட அலுவலகக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது.
ஒழுகாத மூலைக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு
நாற்பத்தொரு பக்கமும் படித்தேன்.

ஏழாம் பிரிவு, உட்பிரிவு ஆ:
‘வாய்க்கால் என்பது
ஆண்டு முழுவதும் நீரோட்டம் உடைய நீர்வழி.’

ஆண்டு முழுவதும்!
எழுதியவர் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தாரோ.
இங்கே தை முடிந்தால் மதகு இறங்கிவிடும்.
பங்குனியில் வடிகாலுக்குள் ஆடு மேயும்,
பையன்கள் மூன்று குச்சி நட்டு
ரன் எடுத்து ஓடுவார்கள்.
ஐப்பசியில் அதே பள்ளம் திறந்திருந்தால்தான்
நூறு வேலிச் சம்பா தலைதூக்கும்.

திங்கள் காலை எழுதினேன்:
‘நீர் இல்லாத மாதத்திலும் வாய்க்கால் வாய்க்காலே.
இவ்வரையறை நின்றால் இக்கோட்டத்தின்
இருநூற்றுப் பதினேழு வடிகால்களும்
வெறும் பள்ளங்களாகிவிடும்.’

கண்காணிப்பாளர் ஜெகபர் அலி
மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
“அந்த ஏகாரம் வேண்டாம்மா.
அரசுக் கடிதத்துல ஏகாரம்
கோபப்படுற மாதிரி இருக்கும்.”
ஏகாரம் போயிற்று.
செயற்பொறியாளர் ‘எனலாம்’ சேர்த்தார்.
திருச்சியில் எண் போய்ச் ‘சில வடிகால்கள்’ ஆனது.
சென்னையில் சிலவும் போயிற்று.
நிதித்துறை ஒன்றே ஒன்று கேட்டது: செலவு உண்டா?
இல்லை என்றோம். மகிழ்ந்தார்கள்.

தை பிறந்து திரும்பிவந்த நகலில்
முத்திரைக்கு மேல் ஒரே வரி:
‘துறைக்கு ஆட்சேபணை ஏதுமில்லை.’

யாரும் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.
பக்கத்து வயல்காரன் வரப்பைச் செதுக்குவதுபோல
ஆளுக்கு ஒரு மண்வெட்டி, அவ்வளவுதான்.

மாசியில் பேரவைக் குழு திருவாரூர் வந்தது.
ஒன்பது உறுப்பினர்கள், ஒன்பது தட்டு முந்திரி.
எங்கள் சாட்சி, கண்காணிப்புப் பொறியாளர் வில்வநாதன்.
அச்சிட்டதற்கு வெளியே ஒரு சொல்லும் கூடாது என்று
முந்தின இரவே தொலைபேசி வந்திருந்தது.
அவர் முதுகுக்குப் பின்னால் நான்,
மடியில் மூன்று கோப்பு, கையில் துண்டுச் சீட்டுகள்.

வாசித்து முடித்தார். தலைவர் நன்றி சொன்னார்.
அதுவரை கைப்பேசியில் இருந்த
கடைசி நாற்காலி உறுப்பினர் நிமிர்ந்தார்.
“வர்ற வழியில ஒரு பள்ளம். உள்ள கிரிக்கெட் ஆடுறாங்க.
ஓரத்துல உங்க துறை கல் நட்டிருக்கு.
அது என்னங்க?”

சீட்டில் ஒரே சொல் எழுதி நீட்டினேன்.
வில்வநாதன் சார் பார்த்தார்.
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
“எழுத்துமூலம் அளிக்கிறோம், ஐயா.”
பதினைந்து நாள் என்று குறித்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது ஜீப்பில் பேச்சே இல்லை.
கொரடாச்சேரியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது.
முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்:
“கருத்துன்னாதாம்மா மேல அனுமதி கேக்கணும்.
கேட்ட கேள்விக்குப் பதில்னா
அளவுப் புத்தகம் போதும்.”
சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.

பதினோரு நாள் அளவுப் புத்தகத்தோடு இருந்தேன்.
கருத்து ஒன்றுகூட எழுதவில்லை.
வரிசை எண், பெயர், நீளம்,
நீர் உள்ள மாதம், இல்லாத மாதம்.
‘புளியடி வடிகால் வாய்க்கால், 2.4 கி.மீ.,
மாசி முதல் ஆனி வரை நீர் இல்லை’
என்று தொடங்கி இருநூற்றுப் பதினேழு.

ஜெகபர் அலி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
பதினெட்டுப் பக்கமும் இறங்கினார்.
அடிக்க ஏகாரம் அகப்படவில்லை.
பேனாவை மூடினார்.
“பெயர்லயே வாய்க்கால்னு இருக்கே” என்றார்,
அவர் வாயில் அந்த ஏகாரம்.

இன்று வைகாசி இருபது.
உட்பிரிவு ஆ என்ன ஆனது என்று
எங்களுக்கு யாரும் எழுதவில்லை.
புளியடியில் நேற்று ஒரு பையன்
அரைசதம் அடித்தானாம்.