நீலத்தாள்

பகலில் பல் கட்டுகிறேன்,
கஸ்தூரியார் வீதியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே.
மெழுகில் செதுக்கி, சாந்தில் புதைத்து,
மெழுகு எரிந்துபோன வெறுமைக்குள் உலோகம் ஊற்றி
யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி.
இரவில், கோண்டாவிலில், மோட்டர்சைக்கிள் விடும் கொட்டிலில்
அதே மெழுகு, அதே சூளை:
நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று,
என் உள்ளங்கையை விட ஒரு விரற்கடை நீளம்.

கிராங் தண்டுக்கு இரும்பு
கொக்குவில் பழைய சாமான் கடையில்,
உடைந்த லாண்ட்மாஸ்டர் அச்சின் துண்டு.
நிறுத்துத் தந்தான், இரண்டு கிலோ எழுநூறு.
அதில் நாற்பது கிராம்தான் எஞ்சின்.
மிச்சமெல்லாம் சுருள் சுருளாய்
என் செருப்பில், தலைமயிரில், ஒருநாள் புட்டிலும்.
சுதர்மன் துப்பிவிட்டுச் சொன்னார்:
"தேங்காய்ப்பூ கொஞ்சம் முத்தல்."

முதல் தண்டு வளைந்தது.
இரண்டாவதில் வெட்டுளி பாதியில் நிற்க, கரண்ட் போனது.
மூன்றாவதைக் கடைந்தபோது வானொலியையும் நிற்பாட்டினேன்.
நூறில் ஒரு மில்லிமீற்றரை நான் கண்ணால் பார்ப்பதில்லை.
பல்லிடுக்கில் ஒரு மயிர் சிக்கினால்
நாக்குக்கு எப்படித் தெரியுமோ, அப்படி.

வேண்டியது முப்பது மில்லிலீற்றர் பெற்றோல்.
ஊசிக்குழாயை நீட்டினேன்.
பம்படியில் நின்ற பெடியன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்:
"அக்கா, ஆருக்கு ஊசி?"

வைகாசி, ஒரு செவ்வாய், இரவு பத்தரை.
முதலாவது இருமியது. நான்காவதும் இரண்டாவதும் பிடித்தன.
மூன்றாவது சும்மா கிடந்தது.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு
என்ற ஒழுங்கில் அதன் முறை வரும்போதெல்லாம்
தவில்காரன் ஓர் அடியை விழுங்கினாற்போல்
ஒரு பள்ளம்.

பிளக்கை மாற்றினேன்.
வளையங்களை மாற்றினேன்.
கழற்றிப் பூட்டி, கழற்றிப் பூட்டிப் பதினொரு இரவு.
பிறகு லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு
திறப்பை வைத்த இடத்தை மறக்கப் பார்த்தேன்.

அடுத்த நாள் நெல்லியடியில் இருந்து ஒரு ரீச்சர்:
"கடிச்சா இந்தப் பல்லு மட்டும் படுகுதில்லைத் தங்கச்சி."
நீலத்தாளை இடையில் வைத்துக் கடிக்கச் சொன்னேன்.
அவ வாயைத் திறந்தா.
எல்லாப் பல்லிலும் நீலப் பொட்டு,
அதில் மட்டும் இல்லை.
நான் அந்த வாய்க்குள் பார்த்தபடி நின்ற நேரம்
கொஞ்சம் கூடிப்போய்விட்டது.
"என்ன பிள்ளை, புற்றோ?" என்று பயந்துபோனா.

அன்றிரவு திறப்பு உடனே கிடைத்தது.
அதே தாளை மூன்றாவதின் வால்வு விளிம்பில் தேய்த்து
அதன் இருக்கையில் வைத்து ஒரே ஒரு அமத்து.
எடுத்தேன்: நீல வளையம்,
ஓரிடத்தில் எறும்பு நுழையாத அளவுக்கு அறுந்து.
இவ்வளவு நாளும் அதன் மூச்சு
அந்த வழியால்தான் போயிருக்கிறது.

பல் மினுக்கும் பசை. இரண்டு விரலால் சுழற்று, துடை, பார்.
சுழற்று, துடை, பார்.
விடியப்புறம் வளையம் மூடியது.

பிறகு சொல்ல அதிகம் இல்லை.
நாலும் ஓடின, நாற்பத்தொரு வினாடி.
தையல் மெஷினுக்குக் கோபம் வந்தாற்போல் ஒரு சத்தம்,
மேசையில் ஆறிப்போன தேத்தண்ணியில்
வட்டம் வட்டமாய் நடுக்கம்.

வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டிருந்த இராசநாயகம்
வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
"உது எத்தினை இஞ்சிப் பம்பு இழுக்கும்?"
"ஒண்டும் இழுக்காது."
"அப்ப?"
நான் ஊசிக்குழாயில் மிச்சம் இருக்கிறதா என்று
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன்.

அங்கே அவருடைய தண்ணீர்
வாய்க்காலை உடைத்துக்கொண்டு ஒழுங்கைக்கு வந்துவிட்டது.
அவர் மண்வெட்டியைக் கதியாலில் சாத்தினார்,
பொட்டுக்குள்ளால் குனிந்து உள்ளே வந்தார்.
"இன்னொருக்கா விடு பிள்ளை, பாப்பம்."