கண்ணி

அறிவியல் நகரில் இரவு இரண்டரை.
கரண்ட் போய்
மடிக்கணினி தன் சொந்த மூச்சில் ஓடுகிறது.

என் சமன்பாட்டில் சுருள் அசையாது.
நிலம்தான் நகரும்.
அப்படி எழுதினால் கணக்கு இலகு.
முறிகண்டிக்குக் கிழக்கே ஒரு துண்டு வன்னி
கிரவலும் வீரை வேருமாய்,
உள்ளே ஓர் இரும்புத் துணுக்குமாய்,
விநாடிக்கு இரண்டு மீற்றர்
சுருளின் கீழே வழுக்கிப் போகிறது.
(டிராக்டரில் பூட்டப் போகிறார்களாம்.
காசு தருகிறவர்களுக்கு அவசரம்.)

வலை விரித்தேன்,
முக்கோணம் முக்கோணமாய், கண்ணி கண்ணியாய்.
சொல்லை நான் தெரியவில்லை.
மீன் வலையின் ஓட்டைக்கும் அதுதான் பெயர்,
மானுக்கு வைக்கும் சுருக்குக்கும்
பாட்டின் ஈரடிக்கும்.
முன்னறையில் படுத்திருக்கும் தர்மிலா
பகலில் முழங்காலில் நின்று தேடுவதற்கும்.

விடை வந்தது.
வாளின் பல்லாய் வந்தது.
ஒரு கணுவில் கூட, மறு கணுவில் குறைய,
கூட, குறைய.
இரும்புக்குள் சுழியோட்டம் அப்படித் துடிக்காது.
துடித்தது என் வலை.
வேகத்தை, கண்ணியின் அகலத்தை,
இரும்பின் கடத்துதிறனை, காந்தத் தாகத்தைப் பெருக்கிப்
பாதியாக்கினால் ஒன்றைத் தாண்டக்கூடாது.
எனக்கு மூன்று தசம் ஒன்று நான்கு.
வேறெங்காவது வந்திருந்தால் அழகான எண்.

வைத்தியம் உண்டு.
நிலம் வருகிற பக்கத்துக்கு
நிறையைக் கொஞ்சம் சாய்த்துவிடு.
சாய்த்தேன்.
பற்கள் விழுந்தன. கோடு
மாரி முடிந்த குளம் போலப் படுத்தது.
கட்டுரைக்கு இது போதும்,
படம் கூட வடிவாக இருக்கிறது.

ஆனால் இடது ஓரத்தில் ஒரு சின்ன மேடு இருந்ததே,
மூன்று கிராம், ஒரு ஊசியும் சுருள்வில்லும்,
அது எங்கே?
பொய்யைத் தடவி அடக்கிய கை
அதையும் தடவிவிட்டது.

நாலரைக்கு எழும்பித் தேத்தண்ணியோடு வந்தாள்.
"உதில எது சிக்னல், எது பேய்?"
பேயை விரட்டிவிட்டேன் என்றேன்.
"ஒண்டும் கத்தாத நிலத்த
நாங்கள் திருப்பியும் பாக்கிறனாங்கள்.
மிசின் செத்திட்டோ எண்டு."
சொல்லிவிட்டுச் சப்பாத்து நாடாவை
இரண்டு முடிச்சாய்க் கட்டினாள்.
அறிவுரை இல்லை அது,
வான் வரக் கிடந்த ஐந்து நிமிடம்.

சாய்த்ததை நிமிர்த்தினேன்.
கண்ணியை முக்கால் மில்லிமீற்றருக்கு இறுக்கினேன்.
கணக்கு இப்போது ஒன்றுக்குள், மட்டுமட்டாய்.
ஒரு ஓட்டத்துக்கு முப்பத்தாறு மணித்தியாலம்.
டிராக்டர்க்காரருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவள் சிவப்புத் தடியை ஒரு முழம் முன்னே வைப்பாள்,
பிறகு இன்னொரு முழம்,
மத்தியானத்துக்குள் ஒரு பாய் அகலம்.
இங்கே அதே நிலம்
மயிரிழை மயிரிழையாய் நகர்கிறது.

கரண்ட் வந்தது. நாலு வீதம் முடிந்திருக்கிறது.
மறுபடி போனால்
நான் முதலிலிருந்து தொடங்கலாம்.

ஏ-ஒன்பதில் வானின் சத்தம் தேய்ந்தது.
ஐந்து வீதம்.
அந்த ஓரத்தில் ஏதோ எழும்புகிறது,
பல்லோ மேடோ, இன்னும் சொல்ல ஏலாது.