சத்தம் குடுங்கோ

சனிக்கிழமை மூண்டரைக்கு
சுண்டுக்குளியில், இரும்புக்கடைக்கு மேல்மாடியில்
ஒன்பது கீபோட். பதினொரு பிள்ளைகள்.
பின்னால், கல்யாண வீட்டுக்குப் பிந்தி வந்தவர்கள் போல
பிளாஸ்டிக் கதிரைகளில் நாங்கள்.

முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார் ஜெரோசினி மிஸ்:
பிள்ளையோடு ஒருவர் கட்டாயம் இருக்க வேணும்.
போன் பார்க்கப்படாது.
பிள்ளையின் விரலைப் பிடித்து அமத்தப்படாது.
வீட்டில் நாளுக்குப் பத்து நிமிசம் பிள்ளைக்கு,
பெற்றோருக்கும் பத்து நிமிசம்.
கடைசி வரியை வாசிக்காமல்தான்
கையெழுத்து வைத்தேன்.

எனக்கு ஸ்ரான்லி வீதியில் ரயர் கடை.
மண்ணெண்ணெய், சவர்க்காரம், தேசிக்காய்,
எதைப் போட்டுத் தேய்த்தாலும்
நகக்கண்ணில் ஒரு வளையம் மிஞ்சும்.
வகுப்பில் கையைத் தொடைக்கடியில் வைத்திருப்பேன்.
பக்கத்தில் வங்கிக்காரர் ஒருவர்,
மகன் தொடங்க முதலே தான் தாளம் போடுவார்.
அங்கால் ஒரு தாய், கைக்குழந்தையை மடியில் கவிழ்த்து
"மூண்டு, மூண்டு, ஐஞ்சு" என்று
அதன் முதுகில் தட்டிக்கொண்டிருப்பா.

பெருவிரல் ஒண்டு. சின்னவிரல் ஐஞ்சு.
மகள் தர்மிகாவுக்கு நாலு வராது.
மூண்டும் கூடவே எழும்பும்,
தனியக் கடைக்குப் போகப் பயந்தது
தமையனையும் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி.

சில்லுப் பூட்டும்போது நட்டுகளை
வரிசையாய் இறுக்கக் கூடாது.
ஒண்டு, மூண்டு, ஐஞ்சு, ரெண்டு, நாலு.
எதிரெதிரே போக வேணும், இல்லாட்டில் சில்லுக் கோணும்.
இருபது வருசமாய்க் கை செய்ததை
இப்போது வாய் சொல்லத் தொடங்கிவிட்டது.
"அண்ணை, ஆரோடை கதைக்கிறியள்?"
என்றான் கடைப் பொடியன்.
அவன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம்
ஒரு வானின் பொனற்றில் கையை விரித்து
நாலாம் விரலை மட்டும் தூக்கிப் பார்த்தேன்.
எனக்கும் வரேல்லை.

போன கிழமை வகுப்பு நடுவில் கரண்ட் போட்டுது.
விசிறி மெல்ல மெல்ல நின்றது.
கீபோட்டுகள் ஒரேயடியாய்.
பிள்ளைகள்தான் நிற்கவில்லை.
டக், டக், டக், வெறும் பிளாஸ்டிக்,
நிலத்தில் புளியங்கொட்டை கொட்டுண்ட மாதிரி.

மிஸ் எங்களைப் பார்த்தார்.
"பிள்ளையள் அமத்தட்டும்.
அம்மா அப்பாமார் சத்தம் குடுங்கோ."

சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை.
கதிரைகள் முன்னுக்கு இழுபட்டன.

கோயிலில் தேவாரத்துக்கே
வாயை மட்டும் அசைக்கிறவன் நான்.
ஒண்டை அமத்தினாள். "டோ" என்றேன்.
ரெண்டுக்கும் கிட்டத்தட்ட அதுதான் வந்தது,
கொஞ்சம் பலமாய்.
நிப்பாட்டினாள். திரும்பிப் பார்த்தாள்.
பிறகு முதலிலிருந்து, ஆறுதலாய், எனக்காக.
நாலு வந்தபோது
விரல் தனியத்தான் எழும்பியதோ தெரியாது,
நான் சத்தத்தைத் தேடிக்கொண்டு நின்றேன்.

அதுக்குப் பிறகு, வேணுமெண்டே,
இன்னும் படிப்பிக்காத கறுப்புக் கட்டை ஒன்றை அமத்தினாள்.
என்னட்டை அதுக்குச் சத்தம் இல்லை.
அவள் விரலை எடுக்கவும் இல்லை.
வாயைக் குவித்து,
வால்வைக் கழற்றினால் ரியூப் விடுமே,
அதை விட்டேன்:
உஸ்ஸ்ஸ்ஸ்.

மாடி முழுக்கத் திரும்பியது.
வங்கிக்காரரின் மகன் உடனே
தன்ரை கறுப்புக் கட்டையில் விரலை வைத்துவிட்டுத்
தகப்பனை நிமிர்ந்து பார்த்தான்.

கரண்ட் வந்தது.
விசிறி, லைற், கீழே கம்பி வெட்டுகிற மெசின்.
தர்மிகா மற்றதெல்லாம் விட்டு
அந்தக் கட்டையை ஒருக்கால் அமத்தினாள்,
தலையைச் சரித்துக் கேட்டாள்.
"அப்பா, நீங்கள் சொன்னது பிழை."

"ஓம்" என்றேன்.
என்ரை கை ரெண்டும்
கீபோட்டின் விளிம்பில் கிடந்தன.
எப்ப வைத்தேனோ.