மூன்றாவது வினை

டுலூத் நகரம். நவம்பர்.
மாலை நாலரைக்கே ஏரியை இருட்டு மூடிவிடும்.
கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளம்,
ஹீட்டர் மட்டும் ஓயாமல் புலம்பும் அறை.
எனக்கு இருபத்து நான்கு வயது,
மணிக்குப் பதினான்கு டாலர்.
பிறர் வாக்கியங்களின் சுளுக்கெடுப்பது என் வேலை.

எதிரில் ரௌனி கிவெலா, ஐம்பத்தொன்று,
செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் எழுதி வந்திருந்தாள்.
கழற்றாத கோட்டில் பனி உருகிச் சொட்டியது.

"முதியோர் இல்லத்தில் என் இரவுப் பணிகள்:
குளிப்பாட்டுவது, விரிப்பு மாற்றுவது,
மிஸ்டர் ஹாலரன்."

பென்சிலால் தட்டினேன்.
முதல் இரண்டும் செயல். மூன்றாவது ஆள்.
ஒரு வரிசையில் நிற்பவை
ஒரே உடுப்பில் நிற்க வேண்டும் என்றேன்,
கையேட்டில் இருப்பதை அப்படியே.
உதாரணமும் சொன்னேன்:
"எனக்கு நீந்தப் பிடிக்கும், ஓடப் பிடிக்கும், சைக்கிள்."
சைக்கிளை என்ன செய்யப் பிடிக்கும்?
ஓட்டவா, துடைக்கவா?
"என் மகனுக்கு விற்கப் பிடித்தது,
அதுவும் என்னுடையதை" என்று சிரித்தாள்.

சரி, ஹாலரனை என்ன செய்வீர்கள்?

பராமரிப்பது என்று எழுதினாள். அழித்தாள்.
"அது எல்லாருக்கும் செய்வதுதானே."
கவனிப்பது.
"அதற்குக் கூரையில் கேமரா இருக்கிறது."
பக்கத்தில் உட்கார்வது.
"பதினெட்டுப் படுக்கைக்கு இரண்டு பேர்,
உட்கார யார் விட்டார்கள்?"
ரப்பர்த் துகள்களை ஊதித் தள்ளினாள்.
தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து
மேசையின் மரநிறம் தெரிந்தது.

அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது,
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு.
தூக்குப்பாலம் அதையே திருப்பி ஊதியது,
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு.

தலை நிமிராமலே சொன்னாள்:
"அந்த ஆள் இரும்புத்தாதுக் கப்பலில் சமையல்காரர்.
தினமும் விடிகாலை மூன்று மணிக்குக் கேட்பார்,
தம்பி கப்பல் உள்ளே வந்துவிட்டதா என்று.
அது மூழ்கி நாற்பது வருஷம்.
வந்துவிட்டது என்பேன்.
எத்தனை மணிக்கு என்பார். ஒரு மணி சொல்வேன்.
தூங்கிவிடுவார்."

பிறகு, இரண்டாவதைச் செய்த அதே வேகத்தில்
மூன்றாவதை எழுதினாள்:

குளிப்பாட்டுவது,
விரிப்பு மாற்றுவது,
பொய் சொல்வது.

வது, வது, வது.
விகுதியில் எலிகூட நுழைய இடமில்லை.
"தேர்வுக்குழு இதை" என்று இழுத்தேன்.
"வரிசை சரிதானே?"
சரி.
"அப்புறம் என்ன?"
இரண்டாம் பத்தியில் ஒரு காற்புள்ளி கேட்டேன், போட்டாள்.
பத்து மணிப் பணிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.
நாற்காலிக்கு அடியில் சிறு குளம் கிடந்தது.

ஒவ்வொரு மாணவருக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு,
'இன்று நடந்தது' என்று மேலே அச்சிட்டிருக்கும்.
எழுதினேன்:
விதியை விளக்கினேன்,
உதாரணம் தந்தேன்,
மிஸ்டர் ஹாலரன்.

திருத்தலாம் என்று பென்சிலைத் திருப்பினேன்.
கதவில் அடுத்தவன் தட்டினான்,
வேதியியல் அறிக்கை, பதினொரு பக்கம்.