நூற்றிருபது வெள்ளிக் குரல்

சுங்கைப்பட்டாணியில் ஓர் இரும்புக்கடை மாடியில்
கம்பளியைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு பேசினேன்.
எதிரொலிக்கு அதுதான் தடுப்பாம்.
உள்ளே ஒரு மைக், ஒரு கைவிளக்கு,
தாளில் பதினான்கு வாக்கியங்கள்.
"சிரிச்சிக்கிட்டே சொல்லுங்க, கேக்கிறவங்களுக்குத் தெரியும்"
என்றார் குணசீலன்.
வியர்வை கண்ணில் இறங்கச் சிரித்தேன்.

பீடோங் கோயில் திருவிழாவில்
காணாமற்போன பிள்ளைகளை மைக்கில் அறிவிப்பவள் நான்.
நீலச் சட்டை, வலது காலில் மட்டும் செருப்பு
என்று சொல்லி முடிப்பதற்குள்
யாராவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.
அந்தக் குரல்தான் வேண்டுமாம்,
தண்ணீர் வடிகட்டியைத் தவணையில் விற்க.

நூற்றிருபது வெள்ளி.
கேஸ் தோம்பு ஒன்று, மகனுக்குப் பள்ளிச் சப்பாத்து,
மீதியில் நாசி லெமாக் மூன்று பொட்டலம்.
கையெழுத்துப் போட்ட தாளில்
"எக்காலத்துக்கும்" என்றொரு சொல் இருந்திருக்கிறது.
செம்பனை ஆலையில் எடைமேடைக் குமாஸ்தா நான்;
எண்களைத்தான் நின்று படிப்பேன்.

முதல் வாரம் பெருமையாகத்தான் இருந்தது.
லோரிக்காரர்கள் சன்னலுக்குள் தலையை நீட்டி
"விருப்பமென்றால் ஒன்றை அழுத்தவும்" என்பார்கள்.
மஸ்தான் கடையில் முட்டைக்கு இருபது காசு குறைத்தார்கள்.
மூன்றாம் வாரம் குறைக்கவில்லை.
இரவு வேலை பார்த்துப் பகலில் தூங்கும்
பாய்லர் துரைசிங்கத்தை
ஒரே நாளில் நாலு தரம் எழுப்பி
வணக்கம் சொல்லியிருக்கிறேன்.
ஒரு சாயங்காலம் என் புருஷன்
என்னைப் பாதியில் துண்டித்துவிட்டு
அடுப்படியில் நின்ற என்னைப் பார்த்து
"நீதான்" என்றார்.

குணசீலனைக் கேட்டேன்.
விதியெல்லாம் இருக்கிறது என்றார்.
காலை ஒன்பதுக்கு முன் கிடையாது,
இரவு எட்டுக்குப் பின் கிடையாது,
வேண்டாமென்று இரண்டை அழுத்தியவர் எண்
பட்டியலில் ஏறிவிடும்.
"பட்டியல் யாரிடம் இருக்கு?"
"அது வேற கம்பெனிங்க."

அங்கமுத்து அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.
வெளியே கூடாரம், வாடகை நாற்காலிகள்,
பெரிய தோம்பில் வரக்காப்பி.
காலை பத்து மணி. விதிப்படி சரியான நேரம்.
தலைமாட்டு விளக்கின் பக்கத்தில்
அவருடைய கைப்பேசி அடித்தது.
பாக்கியவதி அக்கா எடுத்தார்.
கண்ணாடி இல்லை; விரல் எங்கோ பட்டு
வீடு முழுக்க நான்:

*வணக்கம்! உங்கள் குடும்பத்தின் நலனில் எங்களுக்கு அக்கறை உண்டு.*

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
நான் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

"அவரு இல்லம்மா" என்றார் அக்கா, கைப்பேசியிடம்.

*மன்னிக்கவும். உங்கள் பதில் புரியவில்லை. மீண்டும் கூறவும்.*

"அவரு இல்லம்மா."

*மன்னிக்கவும்.*

பதினான்கில் பதினொன்றாவது வாக்கியம்.
அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருந்தேன்.
யாரோ பிடுங்கி அணைத்தார்கள்.
நான் எழுந்துபோய் அக்கா கையைப் பிடித்தேன்.
மன்னிப்பு என்று எதைச் சொன்னாலும்
அதே குரலில்தானே வரும்.
ஒன்றும் சொல்லாமல்
காப்பித் தோம்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

திங்கட்கிழமை எடைமேடையிலிருந்து கம்பெனிக்கு அடித்தேன்.
எடுத்தது ஒரு பெண்குரல்.
*உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்.*
"அழைப்பு" வருமிடத்தில் நாக்கு லேசாகத் தடுக்குகிறது,
வாக்கிய முடிவில் மூச்சு முட்டுகிறது.
கம்பளிக்குள் இருக்கிறாள்.
எந்த ஊர்ப் பெண்ணோ.

"ஒனக்கு எவ்வளவு கொடுத்தாங்க?" என்றேன்.

*தயவுசெய்து காத்திருக்கவும்.*

குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறி ஹார்ன் அடித்தது.
பதினெட்டு டன், நானூற்றிருபது கிலோ.
காதில் அவளை வைத்துக்கொண்டே எழுதினேன்.