ஆறாவது கூடு

வெசல் தெரோன் என் சமையல் மேசையில்
ஐந்து பித்தளைக் கூடுகளை நிற்க வைக்கிறான்.
துப்பாக்கியில்தான் கோளாறு, சிஸ்டர்.
போல்ட் தூக்க வரவில்லை,
உள்ளங்கையால் குத்தித்தான் திறந்தேன்.

பகலில் சதர்லாந்து மருத்துவமனையில்
பண்ணைக்காரர்களின் புஜத்தில் பட்டை சுற்றுகிறேன்.
மாலையில் என் தோட்டாக்களை நானே அடைக்கிறேன்.
இரண்டு வேலையிலும் மருந்து என்றே பெயர்,
இரண்டிலும் தராசை நம்பித்தான் பிழைப்பு.
ஆனால் நோயாளியின் அழுத்தத்துக்கு ஓர் எண் உண்டு.
பித்தளை, நடந்து முடிந்த பிறகே
வாய் திறக்கும்.

கண்ணாடி போட்டுக்கொண்டு கூடுகளைக் கவிழ்க்கிறேன்.
முதலாவதில் பிரைமரின் விளிம்பு
இன்னும் மாத்திரை போல உருண்டிருக்கிறது.
அடுத்ததில் சப்பை.
அது மட்டும் என்றால் ஒன்றும் சொல்லமாட்டேன்,
சில கம்பெனிக்காரனின் தகடு இளகல்.
ஆனால் மூன்றாவதன் அடியில்
தேய்த்த பிறை ஒன்று மினுங்குகிறது.
பித்தளை கூழாகி, எஜெக்டர் துளைக்குள்
புகப் பார்த்திருக்கிறது.
நான்காவதில் ஊசி பட்ட குழியைச் சுற்றிக் கரை எழும்பி
ஒரு குட்டி எரிமலை வாய்.
ஐந்தாவதை மேசையில் தட்டினேன்.
பிரைமர் கழன்று விரிப்பில் விழுந்தது,
ஆடிக்கொண்டிருந்த பல் மாதிரி.

எவ்வளவு மருந்து?
நீங்கள் எழுதித் தந்ததேதான், ஜூலையில்.
ஜூலையில் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடித்தது, வெசல்.
இன்று நிழலிலேயே முப்பத்தெட்டு.
பெட்டி எங்கே இருந்தது?
வண்டியில்.
வண்டியில் எங்கே?
கண்ணாடிக்கு அடியில், வெயிலில்.

கூடுகள் யாருடையவை?
போஃபோர்ட் வெஸ்ட் மச்சான் கொடுத்தான்,
பழைய ராணுவச் சரக்கு.
என் கூடு ஒன்றை நிறுத்தேன்: நூற்று எழுபத்திரண்டு கிரெய்ன்.
அவனுடையது நூற்று எண்பத்தி நான்கு.
வெளியே ஒரே உயரம், ஒரே இடுப்பு;
உள்ளே சுவர் தடித்து அறை குறுகிவிட்டது.
அதே தீயை அதில் அடைத்திருக்கிறான்.

பிறகு பெட்டியை எண்ணினேன்.
மிச்சம் பதினான்கு. மேசையில் ஐந்து.
இருபதுக்கு ஒன்று குறைகிறது.

அவன் முகத்தைப் பார்த்தேன்.
வலது புருவத்தின் நுனி கருகிச் சுருண்டிருந்தது.
கன்னத்தில் கழுவியும் போகாத கரும்புள்ளிகள்.
சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான்.
பிரைமரின் நடுவில்
துல்லியமான ஓட்டை.

இதுதான் கடைசியா?
தலை குனிந்தான். இல்லை, சிஸ்டர், நான்காவது.
முகத்தில் சூடாக ஊதிய பிறகும்
இன்னும் இரண்டு சுட்டிருக்கிறான்.
ஏனென்றால் முதல் மூன்றும்
ஐந்து ராண்ட் காசுக்குள் விழுந்தனவாம்.

கூடுகளை ஒதுக்கிவிட்டுப் பட்டையை எடுத்தேன்.
நூற்று எழுபத்தெட்டு, மேலே. கீழே நூற்று ஆறு.
மெஷின் பழசு, சிஸ்டர், என்றான்.

நான் பதில் சொல்லவில்லை.
பின்வாசல் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து
குண்டு கழற்றும் சுத்தியலால்
ஒவ்வொன்றாகத் தட்டினோம்.
குண்டுகள் தகர டப்பாவில்,
மருந்து பூசணிப் பாத்தியில்.
பதினான்காவதை அவன் கையில் கொடுத்தேன்.
நான்கு முறை தட்ட வேண்டியிருந்தது.