ஏசியை நிறுத்திவிட்டுக் கேட்டது

ஷார்ஜா, ரோலா. ஐந்தாம் மாடி.
நாலு கட்டிலுக்கு நடுவே ஒரு கூண்டு,
உள்ளே பக்கோடா.
ஃபோர்மேன் வீட்டுப் பிள்ளை வைத்த பெயர்.
அவர்கள் ஊருக்குப் போய்வரும் நாற்பது நாளைக்கு
என்னிடம் விட்டுப் போனார்கள்,
ஒரு மூட்டை காய்ந்த புல்லும்
எழுதிய தாள் ஒன்றும் சேர்த்து.

எலியுமில்லை, முயலுமில்லை.
கினிப்பன்றி என்று பெயர், பன்றியுமில்லை.
"பேர்லயே இருக்கேண்ணே" என்று
நிஸ்தார் மட்டும் தன் கட்டிலிலிருந்து
ஒரு முழம் தள்ளி வைத்தான்.

நான் பத்தொன்பது வருஷமாய்ச் சில்லர் மெக்கானிக்.
பேரிங் தேய்ந்தால் ஒரு முனகல்,
கேஸ் கசிந்தால் ஒரு சீறல்,
பெல்ட் தளர்ந்தால் காலையில் மட்டும் வரும் கீச்சு.
ஸ்பேனரை எடுக்குமுன் காதை வைப்பேன்.

இதையும் அப்படித்தான் பழகினேன்.
ஃபிரிட்ஜ் கதவு திறந்ததும் வீறிட்டால்
அது குடமிளகாய்க்குப் போடும் மனு.
மடியில் வைத்துத் தடவினால்
அடிவயிற்றில் ஓடும், தூரத்து ஜெனரேட்டர் மாதிரி.
பல்லை நறநறத்தால் கையை எடுத்துவிடு.
புல் தூசி மூக்கில் ஏறினால்
வாத்துபோல் ஒருமுறை கனைக்கும்,
நிமிர்ந்து பார்க்கும், மறுபடி மேயும்.
ஒருமுறை என்றால் பயமில்லை.

ஆகஸ்ட் பதினேழு. ராத்திரி ஒன்றரை.
ஜன்னல் ஏசியின் இரைச்சலுக்கு அடியில்
என்னமோ ஒன்று
இருக்கிறது.
இல்லை.
இருக்கிறது.

ஏசியை நிறுத்தினேன்.
ஆகஸ்டில் ஏசியை நிறுத்துகிறவனை
என்ன செய்யலாம் என்று
மூன்று கட்டிலும் எழுந்து கேட்டன.
"ரெண்டே நிமிஷம். வாயை மூடுங்க."

பக்கோடாவைத் தூக்கி முதுகில் காதை வைத்தேன்.
டிக்.
டிக்.
ஒவ்வொரு மூச்சின் முடிவிலும்
நனைந்த தீக்குச்சியை உரசுகிற மாதிரி.
விலா இரண்டும் துருத்தியாய் அமுங்கி எழுந்தன.
காலையில் வைத்த குடமிளகாய்
வைத்த இடத்தில் வைத்தபடி.
சத்தத்தைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

'மூக்கு அடைத்தால் வாயால் மூச்சுவிடத்
தெரியாது அங்கிள், சீக்கிரம் டாக்டர்'
என்று தாளில் இருந்தது, சிவப்பு மையில்.

அப்போதுதான்,
வியர்வை சொட்டும் அந்த அமைதியில்,
இன்னொன்று கேட்டது.
கூண்டுக்குள் இல்லை.
ஜன்னலோரக் கட்டிலில்.
மெல்லிசாய், நீளமாய் ஒரு விசில்,
மூச்சை விடும்போது மட்டும்.

தங்கமாரி. மார்பிள் அறுக்கிற வேலை.
மூன்று வருஷமாய் என் தலைமாட்டில் படுக்கிறான்.
மூன்று வருஷமாய் ஏசி அதை மூடி வைத்திருக்கிறது.
அந்த ஏசியைப் பழுதுபார்த்து
ஓடவிட்டதும் நான்தான்.

"எத்தனை நாளா?"
"என்னது?"
"அந்த விசில்."
"ஏசி சத்தம்ணே அது" என்றான்.
சொல்லிவிட்டு
நின்றுபோன ஏசியைத் தானே பார்த்தான்.

விடிந்ததும் ஒரே டாக்சி.
ஷூ டப்பாவில் பக்கோடா, பக்கத்தில் தங்கமாரி.
"பன்னிக்கு முன்னூறு திர்ஹம், எனக்கு எதுக்குண்ணே"
என்று பாலம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

மிருக டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார்.
சளி நெஞ்சில் இறங்க ஆரம்பித்திருக்கிறதாம்.
நல்லவேளை, சீக்கிரம் கேட்டுவிட்டீர்கள் என்றார்.
மனுஷ டாக்டர்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
நெடுநேரம் பார்த்தார்.
அவர் அப்படிச் சொல்லவில்லை.

இப்போது தினமும் பத்தரைக்கு
ஐந்து நிமிஷம் ஏசி நிற்கும்.
யாரும் திட்டுவதில்லை.
நிஸ்தார் போனில் நேரம் பார்க்கிறான்.
முதலில் சின்னதின் முதுகு,
பிறகு பெரியவனின் முதுகு.

நேற்று ஃபிரிட்ஜைத் திறந்தபோது
பக்கோடா கட்டிடமே கேட்கக் கத்தியது.
தங்கமாரி கம்பெனி ஆபீசுக்குப் போயிருந்தான்,
நல்ல மாஸ்க் ஒன்றும்
வேறு வேலையும் கேட்க.
மாஸ்க் தருகிறார்களாம்.